குதிரை வியாபாரியின் மூன்றாவது சரணம்

ஆல்வின் ரெட்ஸ்லாஃப் மேடையில் செத்த ஒவ்வொரு மாலையும், ஹோல்ஸ்வெர்டன் நகர ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த யாரோ ஒருவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பெரும்பாலும் பட்டாணி சூப்தான் கேட்டார்கள். முதல் தடவை இது நடந்தது ஐம்பத்து மூன்றாம் வருஷத்து நவம்பரில். உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு ஆல்வின் சாக வேண்டியவனே இல்லை. போர் முடிந்த குளிர்காலத்தில் போமெரேனியாவிலிருந்து ஒரு கைவண்டியும் ஒரு குரலுமாக மேற்கே வந்தவன் அவன். கைவண்டியை வழியிலேயே உருளைக்கிழங்குக்குக் கொடுத்துவிட்டான். மிச்சமிருந்த குரலை வைத்துக்கொண்டு ஆங்கிலேயச் சிப்பாய்களின் சாப்பாட்டுக் கூடங்களில் சில வருஷம் பாடிவிட்டு, வேசர் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன நகரத்தின் அரங்கில் வேலைக்குச் சேர்ந்தான். வேலை, ஒப்பெரெட்டா என்கிற இசை நாடகங்களில் வேடிக்கைப் பாட்டுப் பாடுவது. ஆனால் அந்த நவம்பரில் சோக நாடகத்தில் கோமகனின் தம்பியாக வர வேண்டியவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் பன் ரொட்டியாக ஊதிவிட்டது. ஒரே மத்தியானத்தில் வசனத்தை மனப்பாடம் செய்து, கை குட்டையான சட்டையை மாட்டிக்கொண்டு, நான்காம் அங்கத்தில் கத்திக்குத்து வாங்கி ஆல்வின் விழுந்தான். அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில், நிமோனியாவில் நீலம் பாரித்துக் கிடந்த படகுக்காரர் ஒருவர், பாதிரியார் ஜெபத்தை முடித்துப் புத்தகத்தை மூடுகிற சமயத்தில், சூப் கேட்டார். பாதிரியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆல்வின் விழுந்ததை எல்லாரையும்விடப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் ரோஸ்வித்தா. மேடையின் முன்விளிம்பில் தரைக்குக் கீழே பதிந்த பெட்டிக்குள் உட்கார்ந்து, நடிகர்கள் திணறும்போது வசனத்தைக் கிசுகிசுத்து எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. அங்கிருந்து பார்த்தால் நடிகர்கள் முழங்கால்வரைதான் இருப்பார்கள். யார் கோபமாக இருக்கிறார்கள், யார் குடித்திருக்கிறார்கள், யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதையெல்லாம் அவள் பூட்ஸை வைத்தே சொல்லிவிடுவாள். ஆல்வினின் முகத்தை அவள் முதன்முதலாக ஒரு முழத்துக்குள் பார்த்தது அவன் பிணமாக விழுந்த பிறகுதான். அன்றைக்கு நாடகம் முடிந்து அரங்கத்துச் சாப்பாட்டு அறையில் பீர் குடித்தபோது அவன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நான் செத்தது எப்படி இருந்துச்சு?"

"இடது முட்டி முதல்ல விழுந்துச்சு. அப்புறம் நீங்க விழுந்தீங்க. நடுவுல 'அண்ணா'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதை முழுங்கிட்டீங்க."

"அண்ணனா வர்றவன் வெங்காயம் தின்னுட்டு வந்து குத்துறான். மூச்சை அடக்கிக்கிட்டேன்."

"செத்தவன் மூச்சை அடக்குறதுல தப்பில்ல. சாகறதுக்கு முன்னாடி அடக்கக் கூடாது."

அடுத்த வசந்தத்தில் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது தலைமை மருத்துவர் ஷ்டூக்கன். எல்லா அரங்கத்திலும் ஒரு டாக்டருக்கென்று ஓரமாக ஒரு நாற்காலி உண்டு. யாராவது மயங்கி விழுந்தால் பார்ப்பதற்கு. வியாழக்கிழமைகளில் அதில் அவர் உட்காருவார். ஒரு வியாழன் மாலை, இனிப் பிழைக்கமாட்டாள் என்று காலையில் அவர் கைவிட்டுவிட்டு வந்த பெண்மணி, அவர் திரும்பிப் போகும்போது கட்டிலில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். இன்னொரு வியாழனும் அப்படியே. ஷ்டூக்கன் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை. பெற்ற தாய் இருமினால்கூட எக்ஸ்ரே எடுப்பவர். ஒரு குளிர்காலம் முழுக்கக் கவனித்து, கடைசியில் அவர் கண்டது இதுதான்: ஆல்வின் செத்தால் ஒருவர் பிழைக்கிறார். யார் என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. பாடினால், ஆடினால், காதலித்தால் ஒன்றும் ஆவதில்லை. காயம் மட்டும் படுகிற வேடம் என்றால் ஏதோ ஒரு நர்ஸுக்குப் பல்வலி நிற்கிறது, அவ்வளவுதான். பிணமாக விழுந்தவன் எழாமல் கிடந்தால்தான் கணக்கு; மேலே திரை விழுந்தால் கணக்கு முடிந்தது. இதை ஹன்னோவரில் நடந்த மருத்துவர் மாநாட்டில் எடுத்துச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்கள்.

ஊர் அப்படி எழுந்து போகவில்லை. ஆல்வின் அடிக்கடி சாக வேண்டும் என்ற தீர்மானத்தை நகர மன்றம் கழிவுநீர்க் குழாய்க்கும் சந்தை நாள் மாற்றத்துக்கும் நடுவில் எடுத்து, விவாதம் இல்லாமல் நிறைவேற்றியது. அரங்கத் தலைவர் லிண்டெகாம்ப் இனி வாரத்துக்குக் குறைந்தது நாலு சாவு இருக்கும்படி நாடகங்களைத் தேர்ந்தெடுத்தார். நாடகத்தை எழுதியவர் உயிரோடு விட்டிருந்த சிலரையும் லிண்டெகாம்ப் சாகடித்தார், கேட்க ஆளில்லை. காஸல், ப்ரவுன்ஷ்வைக் ஊர்களிலிருந்து நோயாளிகளைப் படுக்கையோடு ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். விடுதிக்காரர்கள் அறை வாடகையை ஏற்றினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதுகிறவர், ஆல்வின் எப்படி நடித்தான் என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, யார் பிழைத்தார் என்று மட்டும் எழுத ஆரம்பித்தார். அதை வாசகர்கள் விரும்பினார்கள்.

ஆல்வினுக்கு அதில்தான் மனசு விட்டுப் போயிற்று. முன்வரிசை முழுக்க நோயாளிகளின் சொந்தக்காரர்கள். அவர்கள் முதல் அங்கத்தின் வேடிக்கைக் காட்சிகளில் விசும்பி அழுதார்கள். காதல் காட்சிகளில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவன் விழுந்த மறு நொடி கோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கைதட்ட ஆள் மிஞ்சியதில்லை. பிழைத்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு வாத்தும் கேக்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள், கண்ணீரோடு கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எந்த வேடத்தில் பார்த்தீர்கள் என்று ஆல்வின் கேட்டால் முழித்தார்கள். பிழைக்காதவர்களின் வீட்டார் வேறு மாதிரி. ரொட்டிக் கடை டீமன் அம்மாளின் கணவர், அரங்கத்துக்குக் கோடை விடுமுறை விட்டு ஆல்வின் கடற்கரைக்குப் போயிருந்த ஜூலையில் செத்துப்போனார். அதிலிருந்து அந்த அம்மாள் ஆல்வின் வந்தால் பின்பக்கம் போய்விடுவாள். ஒரு தடவை மட்டும் வாய் திறந்தாள்.

"ஹெர் ரெட்ஸ்லாஃப், கடற்கரையில வெயில் நல்லா இருந்துச்சா?"

அதற்குப் பிறகு ரோஸ்வித்தாதான் ரொட்டி வாங்கப் போனாள்.

இன்னொன்றும் இருந்தது. செத்துவிட்டு வரும் ஒவ்வொரு தடவையும் ஆல்வின் கொஞ்சம் குளிர்ந்து வந்தான். மேடையில் அவன் கிடந்த இடத்தில் உறைபனி பூத்தது. பெருக்குகிற பெண்கள் வழுக்கி விழுந்து புகார் சொன்னதால் அங்கே சாம்பல் தூவினார்கள். வீட்டில் அவன் எதிரே வைத்த சூப் மூன்றாவது கரண்டிக்குள் ஆடை கட்டியது. ரோஸ்வித்தா வெந்நீர்ப் பைகளை அவன் காலிலும் முதுகிலும் வைத்து, மேலே இரண்டு இறகுப் போர்வைகளைப் போட்டு, அவனைத் திட்டுவாள். திட்டினால்தான் அவனுக்குச் சூடு ஏறியது. சூடு ஏறியதும் அவன் அடுப்படியில் நின்று பாடுவான்.

அவன் பாடியது எப்போதும் ஒரே பாட்டு. ஒப்பெரெட்டா ஒன்றில் ஹங்கேரியக் குதிரை வியாபாரி ஒருவன் ஒரு விதவையைப் பார்த்துப் பாடுவது. மூன்று சரணம். முதல் சரணத்தில், மழை நின்றதும் வருகிறேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போகிறான். இரண்டாவதில் மழை நின்றுவிடுகிறது, குதிரைகள் காய்ந்துவிடுகின்றன, அவன் வரவில்லை. மூன்றாவதில், ஏன் வரவில்லை என்று சொல்கிறான். அந்த ஒரு வேடத்துக்காகத்தான் ஆல்வின் பாட்டே கற்றுக்கொண்டது. ஊரில் அதை மேடையேற்றியபோதெல்லாம் வேறு யாருக்கோ கொடுத்தார்கள். வருஷா வருஷம் வசந்தத்தில், அடுத்த பருவத்துக்கு வேடங்களைப் பிரிக்கும்போது, அவன் லிண்டெகாம்பிடம் போய் நின்றான்.

"ஐயா, ஒரு தடவை. ஒரே ஒரு சாயங்காலம்."

"பாடுறதுக்கு ஆள் நிறைய கிடைக்கிறாங்க, ரெட்ஸ்லாஃப். உங்களை மாதிரி சாகறதுக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?"

"பாடினா யாரும் செத்துடமாட்டாங்க."

"அதான் பிரச்சினையே. அன்னைக்கு சாகற ஆளோட வீட்டுக்குப் போய் நீங்க பதில் சொல்றீங்களா? நான் சொல்லமாட்டேன்."

அடுப்படிப் பாட்டைக்கூட விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், நாளைக்கு என் மைத்துனருக்கு ஆபரேஷன் என்று கத்துவார். ஆல்வின் குரலைத் தாழ்த்திக்கொண்டு பாடுவான். ரோஸ்வித்தா கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, ஒரு சொல் பின்னாலேயே வருவாள். அந்த ஊரில் அவன் பாட்டைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஒருத்தி போதும் என்று அவன் சொல்லிக்கொண்டான். போதவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

சினிமாவும் வந்தது. ஹாம்பர்க்கிலிருந்து ஒரு படக் கம்பெனி ஆள் வந்து அவன் சாவதைப் பார்த்துவிட்டு, கையோடு அவனைக் கூட்டிக்கொண்டு போனான். கோடை விடுமுறைகளில் ஆல்வின் படங்களில் நடித்தான். மாலுமியாக, வேட்டைக்காரனாக, ஒருமுறை பாடும் டாக்டராக. பாடியதை வெட்டிவிட்டார்கள். செத்ததை வைத்துக்கொண்டார்கள். படத்தில் செத்ததால் யாரும் பிழைக்கவில்லை, ஏனென்றால் அவன் விழுந்ததும் ஒருவன் "போதும்" என்று கத்த, அவன் எழுந்து தூசி தட்டிக்கொண்டு மறுபடி விழ வேண்டியிருந்தது. முதல் நாள் காலையில் சாவை எடுத்துவிட்டு, கல்யாணத்தை அடுத்த வாரம் எடுத்தார்கள். "செத்துட்டு அப்புறம் கல்யாணம் பண்ணினா எவ உருப்படுவா?" என்றாள் ரோஸ்வித்தா. ஆனாலும் படத்தைப் பார்த்த பெண்கள் நாடு முழுவதிலிருந்தும் அவளுக்கு இரங்கல் தெரிவித்து, கறுப்பு ஓரம் போட்ட கார்டுகள் அனுப்பினார்கள். பிறகு தொலைக்காட்சி வந்ததும், துப்பறியும் தொடர்களில் முதல் கால் மணிக்குள் சாகிறவனாக அவன் நாடறிந்த முகமானான். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்கள் அவனை உற்றுப் பார்த்து, எங்கேயோ பார்த்திருக்கிறோம், ஆனால் கண் மூடியிருந்தது என்றார்கள்.

அறுபத்தேழில் லிண்டெகாம்ப் ஓய்வு பெற்று, டாக்டர் ஸைடெல் என்ற புதுத் தலைவர் வந்தார். கறுப்புக் கழுத்துமூடி ஸ்வெட்டர், மூக்கில் கண்ணாடி, பெர்லினில் படித்த படிப்பு. மேடையில் சாவது பொய் என்பது அவர் கட்சி. அவர் இயக்கிய நாடகத்தில் சாக வேண்டியவன் நாற்காலியில் உட்கார்ந்து, "நான் இப்போது செத்துவிட்டேன்" என்று சபையைப் பார்த்துச் சொல்வான். அப்படிச் சொன்னதற்கு ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு விக்கல்கூட நிற்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் வேறு. அந்த நாட்டு அரங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு: பதினைந்து வருஷம் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் நடிகனை அப்புறம் யாராலும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால் பதினைந்து முடிவதற்குள் நல்லவன் கெட்டவன் பார்க்காமல் எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள். அந்த அக்டோபரில் ஸைடெல் ஆல்வினைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, உங்கள் கலைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, வழக்கம் அப்படி என்றார். ஊர் கொதித்தது, கையெழுத்து வாங்கியது, ஊர்வலம் போனது. நகர மன்றம் கூடி ஆலோசித்தது. ஒருவருக்காக வழக்கத்தை உடைத்தால் நாளைக்கு வாசலில் சபையோரின் கோட்டுகளை வாங்கி வைக்கிற பெண்மணியும் கேட்பாள் என்றார்கள். தவிர, ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. அமெரிக்க இயந்திரங்கள் வந்திறங்கியிருந்தன. இனிச் சாவை நம்பியிருக்க வேண்டியதில்லை என்று ஒருவர் பேச, எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அடுத்த கோடையில் ஆல்வின் தன் ஒப்பனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ரோஸ்வித்தாவை வைத்துக்கொண்டார்கள், வசனம் எடுத்துக்கொடுப்பவளுக்கு அந்த வழக்கம் கிடையாது, அவளை யாரும் கவனித்ததே இல்லை.

அறுபத்தொன்பது இலையுதிர்காலத்தில் அவளுக்கு நோய் வந்தது. ரத்தத்தில் என்றார்கள். கிசுகிசுப்பதற்குக்கூட மூச்சு போதாமல், ஒருநாள் பெட்டிக்குள்ளேயே சாய்ந்துவிட்டாள். மேலே நடித்துக்கொண்டிருந்தவன் வசனத்துக்காக அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொண்டே நின்றான். அமெரிக்க இயந்திரங்கள் அவள் பக்கத்தில் நின்று பீப் பீப் என்று கத்தின. ஆல்வின் ஊர் ஊராகப் போய், சம்பளம் வேண்டாம், ஒரு சாவு கொடுங்கள் என்று கெஞ்சினான். எங்கேயும் சாவு இல்லை. ஸைடெலின் நாற்காலி அதற்குள் எல்லா ஊருக்கும் போய்விட்டிருந்தது. கிடைத்தாலும் வேறு ஊரில் செத்து என்ன பயன்? அவன் ஸைடெலிடமும் போனான். சொந்தத் துயரங்களோடு கலையைக் கலக்கக் கூடாது என்று அவர் சொன்னார்.

வருஷத்தின் கடைசி நாள் காலையில் தொலைபேசி அடித்தது. அந்த நாளில் எந்த அரங்கத்திலும் ஒப்பெரெட்டா கட்டாயம் உண்டு; ஊரே சாயங்காலக் கொண்டாட்டத்துக்கு முன்னால் மத்தியானக் காட்சிக்கு வந்து உட்கார்ந்துவிடும். அந்த வருஷம் குதிரை வியாபாரி. பாட வேண்டியவன் பனியில் சறுக்கித் தாடையை உடைத்துக்கொண்டான். சுற்றுவட்டாரத்தில் அந்தப் பாட்டுத் தெரிந்த குரல் வேறில்லை. ஸைடெலின் குரல் அன்றைக்குத் தேனாக வழிந்தது.

ஆல்வின் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நடக்க முடிந்தவர்களையெல்லாம் பண்டிகைக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நடைக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. ஷ்டூக்கன் அவனைச் சன்னல் பக்கம் ஒதுக்கினார். தலை முழுக்க நரைத்து, ஓய்வு பெற நாள் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"இன்னைக்கு இந்தக் கட்டடத்துல சாகற நிலைமையில இருக்கறது ஒரே ஒருத்தர்தான்" என்றார் மெதுவாக. "நான் ஒண்ணும் சொல்லலை. தகவலுக்குச் சொல்றேன்."

ரோஸ்வித்தா தலையணையில் கிடந்தபடியே அவன் முகத்தைப் படித்துவிட்டாள்.

"என்ன திட்டம் போட்டுட்டு வந்திருக்கே?"

"ஒண்ணுமில்ல. பாடப் போறேன்."

"பொய் சொல்லாதே. உனக்கு நான் எடுத்துக்கொடுக்காம ஒரு பொய்கூட ஒழுங்கா வராது. விழலாம்னு பார்க்கறே."

"விழுந்தா நீ எழுந்துடுவே, ரோஸ்வித்தா. வேற யாரும் இல்ல இங்கே. டாக்டரே சொன்னாரு."

"குதிரை வியாபாரி சாகமாட்டான். எழுதினவன் சாகடிக்கல. நீ யாரு சாகடிக்க?"

"லிண்டெகாம்ப் எத்தனை பேரைச் சாகடிச்சாரு."

"அந்த ஆளு கழுதை. இங்க பாரு. இத்தனை வருஷம் ஊர்ல கண்டவனுக்கெல்லாம் செத்தே. ஒரு பய உன்னைப் பார்க்கலை. இன்னைக்கு அவங்க வாயை மூடிட்டு உட்கார்ந்து கேக்கட்டும். மூணு சரணமும் பாடணும். நான் இங்கேருந்து கேப்பேன், அதுக்கு ஏற்பாடு பண்ணிக்கறேன்."

"நீ போயிட்டா?"

"பாட்டு முடியறவரைக்கும் போகமாட்டேன். அவ்ளோ கூடத் தாங்கமாட்டேனா? சத்தியம் பண்ணு."

அவன் சத்தியம் செய்தான். செய்யும்போது வேறு பக்கம் பார்த்தான்.

ஏற்பாடு இதுதான். அரங்கத்தின் பின்வாசலில் காவலிருக்கும் குன்ஸவின் அறையில், மேடைச் சத்தம் கேட்கிற ஒலிபெருக்கி ஒன்று உண்டு. அவர் தொலைபேசியை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டு, வாய்ப்பக்கத்தை ஒலிபெருக்கிமேல் வைத்துக் கட்டிவிட வேண்டும். இந்தப் பக்கம் நர்ஸ் ஒருத்தி ரோஸ்வித்தாவின் காதில் பிடித்துக்கொள்வாள். அப்படித்தான் அவள் கடைசி அங்கத்தைக் கேட்டாள். முதலில் சபையின் இருமல், நாற்காலிக் கிரீச்சொலி, ஒரு குழந்தையின் சிணுங்கல். பிறகு ஆல்வின் முதல் சரணத்தை எடுத்தான். அவளுடைய உதடு, ஒரு சொல் பின்னால், தானாக அசைந்தது. மழை நின்றதும் வருகிறேன் என்ற இடத்தில் இருமல் நின்றுபோயிற்று. அந்தச் சபையை அவள் பெட்டிக்குள் முதுகைக் கொடுத்துக் கேட்டுப் பழகியவள். அது மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டதை அவள் அதுவரை அறிந்ததில்லை. ஒருவரும் கோட்டைத் தேடவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்து காதுக்குள்ளும் தொலைபேசிக்குள்ளும் இறங்கியது. இரண்டாவது சரணத்தில் குரல் அடுப்படியில் வந்ததைவிட நன்றாக வந்தது, வெட்கமே இல்லாமல் வந்தது. குதிரைகள் காய்ந்த இடத்தில் அவளுக்குக் கால் இருப்பது தெரியாமல் போனது. பிறகு கை. பாட்டு மட்டும் இருந்தது, அதுவும் ஆற்றின் அக்கரையிலிருந்து கேட்பதுபோலத் தள்ளிப் போனது. நாடியைப் பிடித்திருந்த நர்ஸ் பதறிப்போய், தொலைபேசியைப் பிடுங்கி, "போறாங்க, போறாங்க" என்று கத்தினாள். அந்தப் பக்கம் குன்ஸ அதைக் கேட்டார். நல்ல மனிதர், நல்ல மனிதர்களால்தான் இப்படியெல்லாம் ஆகிறது. அவர் மேடையின் ஓரத்துக்கு ஓடிப்போய், ஆல்வின் பார்க்கும்படி நின்று, சாவு வீட்டில் கழற்றுவதுபோலத் தொப்பியைக் கழற்றினார்.

இரண்டாவது சரணத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வயலின்கள் மட்டும் கொஞ்சம் வாசிக்கும். நர்ஸ் என்ன நினைத்தாளோ, தொலைபேசியைத் திரும்ப அவள் காதில் வைத்தாள். வயலின்களுக்கு நடுவில் ஒரு சத்தம். இடது முட்டி, பிறகு அவன். ரோஸ்வித்தாவுக்கு அந்தச் சத்தம் வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

சபை முதலில் சிரித்தது. பிறகு யாரோ எழுந்து நின்றார்கள். எடுத்துக்கொடுப்பவளுடைய பெட்டியில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த புதுப் பெண் மூன்றாவது சரணத்தின் முதல் வரியைக் கிசுகிசுத்தாள், மறுபடி கிசுகிசுத்தாள், பிறகு சத்தமாகவே சொன்னாள். திரையை இறக்குகிறவன் தன் தாளைப் பார்த்தான். அதில் அந்த இடத்தில் திரை என்று எழுதவில்லை. எழுதாத இடத்தில் திரை இறக்குவது அவன் வழக்கமில்லை. இசைக்குழுவும் அப்படித்தான்; முன்னால் இருந்த தாளில் மூன்றாவது சரணம் இருந்ததால், பாடுகிறவன் இல்லாமல் அதைக் கடைசிவரை வாசித்தார்கள். மேடைப் பலகைமேல் உறைபனி மெல்லப் பரவி, முன்வரிசைக்காரர்களின் பூட்ஸ்வரை வந்தது.

ரோஸ்வித்தா எழுந்து உட்கார்ந்தாள். பட்டாணி சூப் கேட்கவில்லை. தன் உடுப்பைக் கேட்டாள். உடுத்திக்கொண்டு, துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஊர் பட்டாசு வெடிக்கத் தொடங்கியிருந்த தெருக்கள் வழியாக நடந்து வீட்டுக்குப் போனாள். திரை விழாத மேடையிலிருந்து ஆல்வினைத் தூக்கிவந்து போட்டிருந்தார்கள்; இறகுப் போர்வைக்குள் அவன் நடுங்கிக்கொண்டு கிடந்தான். அவள் வெந்நீர் வைத்தாள். அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"முந்திட்டே" என்றாள் கடைசியில்.

"நீ போயிட்டிருந்தே. குன்ஸ தொப்பியை..."

"குன்ஸவுக்கு என்ன தெரியும்? ஒண்ணரை நிமிஷம். அவ்ளோதான் அந்தச் சரணம். தாங்கறேன்னு சொன்னேனே. என் வார்த்தையை நம்பாம முந்திட்டே."

"நீ உயிரோட இருக்கே, ரோஸ்வித்தா."

"இருக்கேன். தெரியுது."

ஸைடெல் மத்தியானக் காட்சியின் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் அழுதார்கள். மற்றப் பாதி, பொது மேடையைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது முறையா என்று பத்திரிகைக்கு எழுதினார்கள். டீமன் அம்மாள் மாதக்கணக்கில் எழுதினாள். எந்த அரங்கமும் அதற்குப் பிறகு ஆல்வினைக் கூப்பிடவில்லை. பாட்டை வீட்டிலாவது முடிக்கலாம் என்று அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியில் நின்றான். முதல் சரணம் வந்தது, இரண்டாவதும் வந்தது, மூன்றாவதற்கு வாய் திறந்தால் வெறும் குளிர்காற்றுதான் வந்து சன்னலில் படிந்தது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ரோஸ்வித்தா முதல் வரியை எடுத்துக்கொடுப்பாள், கொஞ்ச நேரம் காத்திருப்பாள், பிறகு உருளைக்கிழங்கை உரிக்கப் போய்விடுவாள். அவள் நன்றாகச் சாப்பிட்டாள்; அநியாயம் செய்யப்பட்டவளுக்கு இருக்கிற நல்ல பசியோடு சாப்பிட்டாள். அவனை நேசித்தாள், மன்னிக்கவில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு நெடுங்காலம் குடித்தனம் நடத்தினார்கள்.

எண்பத்தாறாம் வருஷப் பனிக்காலத்தில், தொலைக்காட்சியில் தன் பழைய பிணம் ஒன்றைப் பார்த்தபடியே, ஆல்வின் சாய்வு நாற்காலியில் செத்துப்போனான். முட்டி, கை எதுவும் அசையவில்லை. வாய் கொஞ்சம் கோணியிருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் பிழைக்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ரோஸ்வித்தா அவனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைவிட நல்லா எத்தனையோ தடவை செத்திருக்கே" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள். அழுகை நிற்கப் பல நாள் ஆயிற்று.

அவனால் பிழைத்த மற்றவர்கள் எல்லாரும் உரிய காலத்தில் வயசாகியோ, பைக்கில் மோதியோ, எல்லாரையும்போலச் செத்துப்போனார்கள். அவர்களுக்காக ஆல்வின் செத்த சாவுகள்மேல் ஒழுங்காகத் திரை விழுந்திருந்தது. ரோஸ்வித்தாவுக்கு மட்டும் விழவில்லை. வயசு தொண்ணூறு வந்தது, நூறு வந்தது. புது நூற்றாண்டில் டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டு, கட்டுரை எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போய், தாங்களே செத்தார்கள். ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் அவளுக்குச் சன்னலோர அறை. நகராட்சி பிறந்தநாளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பூங்கொத்தை இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அனுப்புகிறது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. நல்ல மனசுக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து, மூன்றாவது சரணத்தை வேறு யாரோ பாடியதைக் கைப்பேசியில் போட்டுக் காட்ட வந்தாள். "வேண்டாம்மா, அது அவன் முறை" என்று ரோஸ்வித்தா கையமர்த்திவிட்டாள். அலுப்பாக இல்லையா என்று கேட்பவர்களுக்கும் அவளிடம் ஒரே பதில்தான். நடிகன் நடுவில் நின்றுவிட்டான், இன்னும் சொல்லி முடிக்கவில்லை, அதனால் உட்கார்ந்திருக்கிறாள். ஹோல்ஸ்வெர்டனில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. திரை விழாமல் எடுத்துக்கொடுப்பவள் எழுந்து போவது அந்த ஊர் அரங்கத்தில் என்றைக்கும் வழக்கமில்லை.